கையில் இல்லாத பங்கை விற்றல்: ஆம்ஸ்டர்டாம், 1609

கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுத்து லாபம் பார்ப்பது ‘ஷார்ட் செல்லிங்’. இது பங்குச் சந்தையோடு கூடவே பிறந்த வழக்கம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி (பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே கம்பெனி) 1602இல் தொடங்கப்பட்டது. அதன் பங்கை விற்பவர் கம்பெனிக் கணக்கரிடம் சென்று பேரேட்டில் பெயர் மாற்றித் தர வேண்டும். ஆனால், பின்னொரு நாளில் பங்கைத் தருவதாக இருவர் பேசிக்கொண்ட ஒப்பந்தம் அந்தப் பேரேட்டில் ஏறாது. விற்றவரிடம் பங்கு இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

ஐசக் லெ மெய்ருக்கு இது வசதியாயிற்று. கம்பெனியில் 85,000 கில்டர் முதலீடு செய்து, இயக்குநராக இருந்து, கசப்போடு விலகியவர் அவர். 1609இல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இல்லாத பங்குகளை முன்பேரத்தில் விற்றார். விலை சரிந்தது. விதவைகளும் அநாதைகளும் நட்டப்படுவதாக இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டனர். கம்பெனியின் வியாபாரம் மோசமாக நடப்பதே சரிவுக்குக் காரணம் என்றது எதிர்த்தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1610 பிப்ரவரி 27 அன்று தடை வந்தது. இல்லாத பங்கை விற்கக் கூடாது. விற்ற பங்கை ஒரு மாதத்துக்குள் பேரேட்டில் மாற்றித் தர வேண்டும். பின்னர் விலை ஏறியது. கூட்டாளிகள் சிலர் திவாலாயினர்.

வர்த்தகம் மட்டும் நிற்கவில்லை. நீதிமன்றம் ஏற்காத ஒப்பந்தங்களையும் வணிகர்கள் தங்கள் நாணயத்தின் பேரில் நிறைவேற்றிவந்தனர். நட்டம் வந்ததும் தடையைக் காட்டி நழுவியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரோடு மறுபடி பேரம் பேச யாரும் எளிதில் முன்வரவில்லை.