கேள்விக்குறிகளை எண்ணுதல்

இன்ஜினீயரிங் காலேஜில் ஜாவா படித்தவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாக இருக்கும். ‘நியூ பஃபர்டுரீடர், அடைப்புக்குறி, நியூ இன்புட்ஸ்ட்ரீம்ரீடர், அடைப்புக்குறி, சிஸ்டம் டாட் இன்.’ கீபோர்டில் ஒருவர் தட்டுகிற பெயரை வாங்க இவ்வளவு. சி மொழியில் ஒரு ‘ஸ்கேன்எஃப்’ போதும். இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று.

இரண்டாம் வருடம் லேபில் கேட்டேன், “ஏன் மேடம் மூணு?” அவர் பதில் சுருக்கமானது. “எக்ஸாம்ல அப்படியே எழுதிடு. ரெண்டு மார்க்.”

எழுதினேன், ரெண்டு மார்க்கும் வந்தது. அந்த மூன்றில் நடுவில் இருப்பவர் யார் என்று தெரியாமலே படித்து முடித்தேன். அதற்கு நான் கொடுத்த விலை முப்பத்தொரு பாட்டுகள்.

அப்பா தமிழாசிரியர். 2001 வாக்கில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் போட்டு, அப்பத்தா பாடிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று நாற்பத்து மூன்றை டைப் செய்து வைத்திருந்தார். அப்பத்தா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். பாட்டுக்கு ஒரு ஃபைல். எல்லாம் திஸ்கி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2009இல் அப்பா ஓய்வுபெறும்போது அதையெல்லாம் ஒரு புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஃபைல்களில் தேவையில்லாத காலி வரிகள் நிறைய இருந்தன. கையால் நீக்குவானேன், ஜாவாதான் தெரியுமே! ஒவ்வொரு ஃபைலையும் படி, காலி வரியைத் தள்ளு, அதே பெயரில் திரும்ப எழுது. இருபது வரி புரோகிராம். லேபில் இருந்த லினக்ஸ் மெஷினில் ஓட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

திறந்து பார்த்தால் எல்லாமே கேள்விக்குறி. வரி வரியாக, இடைவெளி விட்டு, பாட்டின் வடிவத்திலேயே கேள்விக்குறிகள்.

ஃபாண்ட் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபாண்ட் பிரச்சினை இல்லை. அழிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. புரிந்துகொள்ள 1964 வரை பின்னால் போக வேண்டியிருந்தது.

அந்த வருடம் அக்டோபரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பில், நீளம் பத்தாவிட்டால் இன்னொரு துண்டைத் திருகி மாட்டுகிறோமே, அதுபோல புரோகிராம்களையும் ஒன்றோடொன்று மாட்ட வழி வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பது வருடம் கழித்து, 1973இல், கென் தாம்ப்ஸன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். ஒரு புரோகிராமின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகப் பாயும் ‘பைப்’.

இந்தக் குழாய்களில் ஓடுவது பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கலாம், அவ்வளவுதான். குழாய்க்கு அது படமா பாட்டா என்ற கவலை கிடையாது. அந்த எளிமைதான் அதன் பலம். ஆனால் ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆங்கிலத்துக்கு ஆஸ்கி இருந்தது: 1963இல் வந்த பட்டியல், மொத்தம் 128 இடம். ஒரு பைட், ஓர் எழுத்து. இரண்டும் ஒன்று என்று யாரும் சட்டம் போடவில்லை. வேறு மாதிரி நினைக்க வேண்டிய அவசியம் அங்கே வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த திருப்பம் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் உலகில் வந்தது. டேட்டா வரும் இடங்கள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைல், நெட்வொர்க், மெமரி. வேண்டிய வசதிகள் நான்கு: மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது, சுருக்கியதை விரிப்பது, பூட்டியதைத் திறப்பது, வரி எண்ணுவது. வசதிகளை எப்படியும் கலந்து கேட்கலாம் என்றால் 16 சேர்க்கை. மூன்று இடத்துக்கும் தனித்தனி கிளாஸ் எழுதினால் 48. ஐந்தாவதாக ஒரு வசதி வந்தால் 96. இது கதைக்கு ஆகாது.

இதற்கு ஒரு விடை 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தில் இருக்கிறது. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்ஸன், ஜான் விலிஸிடிஸ் நான்கு பேரும் எழுதியது. அதில் ‘டெக்கரேட்டர்’ என்றொரு அத்தியாயம். அதற்கு இன்னொரு பெயர் ‘ராப்பர்’, அதாவது உறை. ஒரு ஸ்ட்ரீமை இன்னொரு ஸ்ட்ரீம் தனக்குள் வாங்கிக்கொள்ளும். வெளியே இருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான், ‘படி’ என்றால் படித்துக் கொடுக்கும். உள்ளே இருப்பது கொடுத்ததை இது கொஞ்சம் மாற்றித் தரும். இப்போது 48 வேண்டாம். மூன்று மூலம், நான்கு உறை, ஆக ஏழு. வேண்டியபடி மாட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் தெருக்குழாய் வாயில் துணி கட்டுகிறோம், அதிலேயே ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தொட்டியில் விடுகிறோம். குழாய்க்குத் தொட்டியைத் தெரியாது, தொட்டிக்குத் துணியைத் தெரியாது.

1996 ஜனவரியில் வந்த ஜாவாவின் முதல் பதிப்பு இந்த முறையிலேயே கட்டப்பட்டிருந்தது. இன்புட்ஸ்ட்ரீம், அதைச் சுற்ற பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீம், டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. அந்த நடு ஆள்.

இது விசித்திரம்தான். ஏனென்றால் ஜாவாவின் ‘கேர்’ தொடக்கத்திலிருந்தே 16 பிட், யூனிகோடுக்காகவே அகலப்படுத்தியது. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. அதாவது மெமரிக்குள் தமிழ் எழுத்து உட்கார நாற்காலி போட்டாயிற்று. வெளியே இருந்து அது உள்ளே வரும் வாசலில்தான் பிழை. டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமில் ‘ரீட்லைன்’ என்று ஒன்று. ஒரு வரியை வாசிக்கும். எப்படி? ஒவ்வொரு பைட்டையும் அப்படியே ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 255க்கு மேல் எந்த எழுத்தும் உலகத்தில் கிடையாது. தமிழின் ‘அ’ யூனிகோடில் 2949வது இடம்.

அடுத்த வருடமே திருத்தினார்கள். 1997 பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்பில் ‘ரீடர்’ என்று தனிக் குடும்பம் பிறந்தது. ஸ்ட்ரீம் என்றால் பைட், ரீடர் என்றால் எழுத்து. இரண்டுக்கும் நடுவே பாலமாக இன்புட்ஸ்ட்ரீம்ரீடர். பழைய ரீட்லைனைப் பயன்படுத்தாதீர்கள், அது பைட்டைச் சரியாக எழுத்தாக மாற்றுவதில்லை என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே போட்டார்கள். இன்றைக்கும் அந்த வாசகம் அங்கே இருக்கிறது.

ஆனால் சிஸ்டம் டாட் இன் பழையபடி பைட்டாகவே நின்றுவிட்டது. மாற்றினால் முதல் பதிப்பை நம்பி எழுதிய புரோகிராமெல்லாம் உடையும். அதனால்தான் அந்த மூன்றடுக்கு வரி. உள்ளே இருப்பது குழாய், பைட் கொட்டும். வெளியே இருப்பது தொட்டி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கதவைத் தட்டாமல், 8192 எழுத்து கொள்ளும் அளவுக்கு வாங்கி வைத்துக்கொண்டு வரி வரியாகக் கொடுக்கும். நடுவில் இருப்பவர் மொழிபெயர்ப்பாளர். இந்த பைட்டெல்லாம் எந்த எழுத்து என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவரிடம் ஒரு கேள்வியும் உண்டு: “எந்தப் பட்டியலை வைத்துப் படிக்கட்டும்?” நீங்கள் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். விட்டால் அந்த மெஷினில் இயல்பாக எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். சொல்ல முடியும் என்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் மனப்பாடம் செய்த வரியில் அந்த இடம் காலி.

இப்போது திஸ்கி. 1990களின் பின்பாதியில், கணினியில் தமிழ் வேண்டும் என்று உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய பட்டியல் அது. முதல் 128 இடம் ஆஸ்கிக்கு. அடுத்த பாதியில் தமிழ். ஒரு பைட்டுக்குள்ளேயே இரண்டு மொழியையும் அடக்கிவிட்டார்கள். நாம் கையால் எழுதும் வரிசைதான் அதன் வரிசை: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் இது வேறு. அங்கே முதலில் க, உயிர்க்குறி பிறகுதான்.

லேபில் இருந்த மெஷினின் இயல்புப் பட்டியல் ஆஸ்கி. மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் ஃபைலைத் திறக்கிறார். 127க்கு மேலே ஒரு பைட் வருகிறது. பட்டியலில் இல்லை. கத்த மாட்டார், நிற்க மாட்டார். ‘தெரியவில்லை’ என்ற ஒரே குறியை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். திரும்ப எழுதும்போது அந்தக் குறியும் ஆஸ்கியில் இல்லாததால் கேள்விக்குறியாகிவிடும். 128 வகை பைட், எல்லாம் ஒரே முகம். எது க, எது ம என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எழுத்து தரும் லத்தீன்-1 பட்டியலில் தவறாகப் படித்திருந்தால்கூட மீட்டிருக்கலாம். திரையில் தெரிவது குப்பையாக இருந்தாலும் அடியில் எண்கள் பத்திரமாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. “காப்பி இருக்கா?” என்றார். பழைய சிடி ஒன்றில் பன்னிரண்டு பாட்டு இருந்தது. மற்ற முப்பத்தொன்றும் போனது.

அந்தப் பன்னிரண்டை யூனிகோடுக்கு மாற்றத்தான் கடைசியில் உட்கார்ந்து படித்தேன். ஜாவாவோடு வரும் பட்டியல்களில் திஸ்கி இல்லை. நானே ஓர் உறை எழுதினேன். பைட்டை வாங்கும். கொம்பு வந்தால் வெளியே விடாமல் கையில் பிடித்துக்கொள்ளும். அடுத்து க வந்தால் அதை முதலில் அனுப்பும். அதற்கடுத்துக் கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்து, வந்தால் ‘கொ’, வராவிட்டால் ‘கெ’. ஐம்பது வரிதான். அதன்மேல் பஃபர்டுரீடரை மாட்டினேன். அதற்குத் திஸ்கி என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஆனாலும் வேலை செய்தது. மெக்கில்ராய் கேட்ட ஹோஸ் பைப் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2022இல் வந்த ஜாவா 18 முதல், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எந்த மெஷினிலும் இயல்புப் பட்டியல் யூடிஎஃப்-8. நல்ல முடிவு. இதில் ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி, குழாயில் பதினைந்து பைட். இன்றைக்கு மாணவர் ஒருவர் அந்த இடத்தைக் காலியாக விட்டாலும், புதிய தமிழ் ஃபைல் பெரும்பாலும் தப்பித்துவிடும். பழையவை தப்பிக்காது. 2000ஐ ஒட்டி டைப் செய்யப்பட்ட தமிழ் எத்தனையோ வீடுகளின் சிடிகளில் இன்னும் அந்தந்தப் பட்டியல்களில்தான் கிடக்கிறது. குழாய் அதன் பெயரைச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

கேள்விக்குறி ஃபைல்களை நான் அழிக்கவில்லை. ஏன் வைத்திருந்தேன் என்று தெரியாது. போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது அப்பா ஒரு தாலாட்டை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றார்.

“ஆத்தா இங்க ‘கண்ணே’ன்னு பாடுவாளா, ‘கண்ணு’ன்னு பாடுவாளா? மறந்துபோச்சுடா.”

சட்டென்று லேப்டாப்பைத் திறந்தேன். ஆஸ்கி எல்லாவற்றையும் ஒரே முகமாக்கிவிட்டது உண்மை. ஆனால் ஒரு பைட்டுக்கு ஒரு கேள்விக்குறிதான் போட்டிருந்தது, ஒன்றுகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இடைவெளிகளையும் வரி முடிவுகளையும் தொடவில்லை. திஸ்கியில் ‘கண்ணு’ மூன்று பைட்: க, ண், ணு. ‘கண்ணே’ நான்கு: க, ண், கொம்பு, ண.

அந்த வரியின் மூன்றாவது சொல்லை எண்ணினேன். நான்கு கேள்விக்குறி.

“கண்ணேதான்ப்பா.”

அப்பா திரையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த வரியில எத்தனை இருக்கு, எண்ணு.”