கன உலோக மாசுக் கட்டுப்பாடு: கொல்கத்தா தோல் ஆலைகள்

பச்சைத் தோல் பெரிய மர டிரம்முக்குள் குரோமிய உப்புக் கரைசலோடு பல மணி நேரம் சுழன்று, வெளிர் நீலமாக வெளியே வரும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ‘வெட் புளூ’ என்று சொல்வது இதைத்தான். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். கிழக்குக் கொல்கத்தாவின் டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளில், சீன ஹக்கா குடும்பங்கள் உட்படப் பலர் தலைமுறைகளாக நடத்திய ஆலைகளின் கழிவுநீர் சாக்கடைகளிலும் கால்வாய்களிலும் கலந்தது.

அந்தப் பக்கத்தில்தான் நகரின் கழிவுநீரிலேயே மீன் வளர்க்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் இருக்கின்றன. சுமார் 12,500 ஹெக்டேர். 2002-இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. மனிதக் கழிவை வெயிலும் பாசியும் மீனுக்கு இரையாக்கிவிடும். குரோமியம் போன்ற கன உலோகம் அப்படி மக்குவதில்லை, வண்டலில் தங்கிவிடுகிறது. கன உலோகச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த உண்மையே.

இந்தியாவில் 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதிகாரம் தருகின்றன. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், கூடுதல் நஞ்சான அறுமதிப்புக் குரோமியம் 0.1 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. வரம்பு இருந்தும் டாங்ரா மாறவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 19 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சுமார் 550 ஆலைகளை பான்தலா தோல் வளாகத்துக்கு மாறச் சொன்னது. 1997 செப்டம்பர் 30 கெடு. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். உடன் இடம்பெயரும் தொழிலாளிக்கு ஓராண்டு ஊதியம் கூடுதல். 1996 ஆகஸ்டிலேயே, பாலாற்றங்கரை ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை உறுதியாகியிருந்தது. கொல்கத்தாவிலோ கெடு கடந்து பல ஆண்டுகள் இழுபறி நீடித்தது.

உலோகத்தைப் பயன்பாட்டிலிருந்தே விலக்கிய விதிகள் இதைவிட நல்ல பலன் தந்திருக்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தா குமார்துலியின் துர்கை சிலைக் கலைஞர்களிடமும் மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஈயமற்ற வண்ணங்களைக் கொண்டுசேர்த்தது. உலக அளவில் பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் அமலானது. இந்தியா 2018-இல் ஏற்றது.

பான்தலாவும் அதே ஈரநிலங்களை ஒட்டியே இருக்கிறது. வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் நம்பாமல், குரோமியத்தை ஆலைக்குள்ளேயே மீட்டெடுப்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கி, வரம்பு மீறினால் உரிமத்தை நிறுத்திவைப்பதுதான் அரசு செய்ய வேண்டியது.