வீட்டருகே வந்த உயர்கல்வி



உயர்கல்வி என்றதும் நம் நினைவில் எழுவது பல்கலைக்கழகம் ஒன்றே. அங்கு இடம் கிட்டாத பிள்ளைகளின் நிலை என்ன? சமூகக் கல்லூரியின் வரலாறு இவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

1901-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப்பள்ளிப் பொறுப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும் புதுவழி ஒன்றைக் கண்டனர். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மாணவர் சொந்த ஊரிலேயே பயிலலாம் என்பதே அது. முதலில் சேர்ந்தோர் அறுவர் மட்டுமே. பின்னர் இத்தகைய கல்லூரிகளில் தொழிற்பயிற்சியும் வேரூன்றியது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை, ஊரார் அனைவருக்கும் பயன்படும் கல்விக்கூடமாக இதனை எடுத்துரைத்தது. ‘சமூகக் கல்லூரி’ என்னும் பெயரும் பரவியது.

மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு அமைச்சரவை ஒப்புதல் அளிக்க, 2001-இல் முதற் கல்லூரிகள் தோன்றின. எஸ்.பி.எம். முடித்தோர் இங்கே கைத்தொழில் கற்றுச் சான்றிதழ் பெறலாம். குறுகியகாலப் பயிற்சிகளோ வயது பாராமல் ஊராரையும் வரவேற்கின்றன. மகன் வாகனம் பழுதுபார்க்கப் பயிலும் கல்லூரியிலேயே தாய் தையலோ அணிச்சல் செய்யவோ கற்கலாம்.

எனினும், ‘படிப்பு ஏறாதவர் போகுமிடம்’ என்னும் ஏளனம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. தேர்வில் பின்தங்கிய பிள்ளையைக் கல்வியின்றி வேலைக்கு அனுப்புமுன், அருகிலுள்ள சமூகக் கல்லூரிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அறுவரோடு தொடங்கிய வழி அவனுக்காகவும் திறந்தே இருக்கிறது.