நொண்டாத கால்: எம்.சி.ஆர். செருப்பின் வேலூர் வரலாறு

திறவுச் சொற்கள்: பாத வலி, எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோய், நீரிழிவுப் பாதம், வேலூர், கரிகிரி

முன்னுரை

திருச்சிராப்பள்ளியின் தொழிலகக் குடியிருப்பான கைலாசபுரத்தில், பல்லாண்டுகள் கடினத் தரையில் நின்று பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் குதிகால் வலிக்கு மருத்துவரை நாடுகிறார் எனக் கொள்வோம். மருந்துச் சீட்டின் அடியில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்னும் குறிப்பு இடம்பெறுவது இன்று இயல்பானது. நீரிழிவு நோயாளிக்கும் அதே குறிப்பே எழுதப்படுகிறது. நுண்ணறை இரப்பர் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே எம்.சி.ஆர். ஆகும். வலி தணிக்கும் காலணியாக இன்று அறியப்படும் இச்செருப்பு, வலியே அறியாத பாதங்களுக்காகத் தமிழ் மண்ணில் வடிவம் பெற்றது என்பதும், அத்தோற்றம் மறைந்துபோனமைக்குச் சமூகக் காரணம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

செருப்பிடைக் கல்

புறநானூற்றின் 257ஆம் பாடல், பகைவர்க்குத் தொல்லையாய் விளங்கும் வீரன் ஒருவனைச் செருப்பினுள் அகப்பட்ட சிறு கல்லோடு ஒப்பிடுகிறது. கல் சிறிதே, ஆயினும் அதனை எடுத்தெறியாமல் நிம்மதியாக அடுத்த அடி வைக்க இயலாது. உணர்வுள்ள பாதத்தை முற்கோளாகக் கொண்ட உவமை இது. பாதம் உணர்விழந்திருப்பின் அக்கல்லோடு மாலைவரை நடந்து, இரவில் செருப்பைக் கழற்றும்போதே குருதியைக் காண நேரும். தொழுநோயாளரின் பாதங்களுக்கு நேர்ந்தது இதுவே.

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873இல் கண்டறிந்தார். எனினும் கைகால் விரல்கள் குறைவது நோய் தசையைத் தின்பதால்தான் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவரிடையேயும் நீடித்தது. நோயுற்ற தசை ஆறாது என்றும் நம்பப்பட்டது. இந்நம்பிக்கையைத் தகர்த்ததில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் கரிகிரிக்கும் பெரும்பங்கு உண்டு.

கொல்லிமலையிலிருந்து வேலூருக்கு

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே அமைந்துள்ள அம்மலையில் அவருடைய பெற்றோர் சமயப் பணியும் மருத்துவ உதவியும் செய்துவந்தனர். ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்ற அவர், மருத்துவம் பயிலும் முன் சில ஆண்டுகள் கட்டுமானத் தொழிலும் தச்சும் கற்றார். வாழ்க்கை வரலாற்று நூல்கள் இதனை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. என் கருத்தில் அதுவே மையமானது. எடை எங்கே இறங்குகிறது, எந்த மூட்டு அதனைத் தாங்குகிறது என்று பார்க்கும் கண்ணை அவர் மருத்துவக் கல்லூரியில் பெற்றதாகத் தெரியவில்லை; கட்டடத் தொழிலில்தான் பெற்றிருக்க வேண்டும்.

1946இல் வேலூர் வந்த பிராண்ட், தொழுநோய் மருத்துவ அறிஞர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் கண்டார். மடங்கிய கைகளை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவை அடுத்த ஆண்டு தொடங்கியது. கையைவிடக் கால் கடினமான சிக்கலாக இருந்தது. அறுவைக்குப் பின் கைக்கு ஓய்வு தரலாம். பிழைப்புக்காக நடந்தாக வேண்டியவரின் காலுக்கு ஓய்வு எங்கே? கட்டுப்போட்டு ஓய்வு கொடுத்தால் புண் பிறரைப் போலவே ஆறியது. நடந்தவுடன் மீண்டும் திறந்தது. தசையில் குறை இல்லை, வலியின்மையே குறை என்னும் முடிவுக்கு அவரும் உடன்பணியாளரும் வந்தனர். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை நிறுவப்பட்டபோது பாதுகாப்புக் காலணி ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது.

இவ்வரலாற்றை ஒரு மனிதரின் சாதனையாக மட்டும் கூறுவது பொருந்தாது. புண்பட்ட பாதத்தைப் பாரிசுச் சாந்துக் கட்டினுள் இறுக்கமாக அமைத்து, எடையைப் பாதம் முழுவதற்கும் பகிரும் முறையை 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் கையாண்டதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதே முறை பின்னர் பிராண்டின் வழியாக அமெரிக்கா சென்று, நீரிழிவுப் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாயிற்று.

நொண்டுதல் என்னும் மருந்து

பாதம் புண்படும் வழிகளை வேலூர் ஆய்வு மரபு மூன்றாகப் பகுத்தது. முள்ளோ ஆணியோ தைப்பது ஒன்று. இறுக்கமான வார் மணிக்கணக்கில் அழுத்திக் குருதியோட்டத்தைத் தடுப்பது மற்றொன்று. மூன்றாவதே எளிதில் புலப்படாதது: காயப்படுத்தப் போதாத மிதமான அழுத்தம், ஓரிடத்திலேயே ஆயிரக்கணக்கான முறை விழுவது. நெடுவழி நடக்கும் எவருக்கும் இது நிகழ்கிறது. உணர்வுள்ளவர் சிறிது தொலைவு சென்றதும் தம்மை அறியாமலே நடையை மாற்றுகிறார், எடையைப் பாதத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறார், இறுதியில் நொண்டுகிறார். நொண்டுதல் என்பது அழற்சியுற்ற இடத்துக்கு உடல் தரும் ஓய்வு. தொழுநோயாளர் கிழிந்த பாதத்தோடும் சீராக நடந்தார். அந்தச் சீரான நடையே அபாயத்தின் அறிகுறி என்பதை மருத்துவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிராண்ட் தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். நெடும் பயணத்தின் முடிவில் ஓரிரவு காலுறையைக் கழற்றியபோது குதிகால் மரத்திருந்தது. ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. நோய் தமக்கும் தொற்றிவிட்டது என்று இரவெல்லாம் அஞ்சிக் கிடந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. அவ்வலிக்காக அவர் நன்றி கூறினார்.

செருப்பின் அமைப்பு இப்புரிதலிலிருந்தே பிறந்தது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற இரப்பர், எலும்பு முனைகளில் குவியும் எடையைப் பரந்த பரப்புக்குப் பகிர்கிறது. அதன் கீழே முள் ஊடுருவாத கடின அடித்தட்டு. தேய்ந்த வாகனச் சக்கர இரப்பரும் இதற்குப் பயன்பட்டது. ஆணி அறவே கூடாது; தைக்கவோ ஒட்டவோ வேண்டும். விரல்களால் பற்ற இயலாதவருக்காகக் குதிகால் வார் சேர்க்கப்பட்டது. இரப்பரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தினால் ஏறத்தாழப் பாதித் தடிமனுக்கு அமுங்க வேண்டும் என்பது களப்பணியாளருக்கான சோதனை. முழுவதும் அமுங்கினால் அது பயனற்றது. அமுங்கவே இல்லையெனில் அதுவும் பயனற்றது. கடையில் மெத்தென்றிருப்பதையெல்லாம் எம்.சி.ஆர். என்று வாங்குவோர் இதனைக் கருதுவது நன்று.

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், செயற்கை வலியை உருவாக்கவும் முயன்றார். அழுத்தம் மிகும்போது ஒலியெழுப்பும் உணரிகள் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தப்பட்டன. ஒலியை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தந்தபோது, வேண்டிய வேலையை முடிக்கும்வரை கருவியை அணைத்துவைத்தனர். திட்டம் கைவிடப்பட்டது. நாள்பட்ட வலியோடு வாழ்வோர் எவரும் ஏங்கும் அணைப்புவிசை அவர்கள் கையில் இருந்தது. அவ்விசையே அவர்களுடைய பாதங்களைக் காக்கவிடாமல் செய்தது.

பெயரும் இழிவும்

மருத்துவ நோக்கில் வெற்றிபெற்ற செருப்பு, சமூக நோக்கில் எளிதாக ஏற்கப்படவில்லை. கனத்த அடியும் கருநிற இரப்பரும் குதிகால் வாரும் அதனை அணிந்தவரைத் தெருவிலேயே அடையாளம் காட்டின. பெருநோய், குட்டம் என்னும் பெயர்களோடு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவருக்கு, நோய் குணமான பின்னும் காலில் தங்கிய முத்திரை அது. அதனால் பலர் மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டும் அதனை அணிந்தனர். புண்ணைத் தடுக்கும் பொருள் பேருந்தில் இடம் மறுக்கப்படக் காரணமாகுமாயின், நோயாளி எதனைத் தேர்ந்திருப்பார்? ‘ஒத்துழையாத நோயாளி’ என்னும் மருத்துவப் பதிவுகளின் தொடரை இப்பின்னணியில் மறுவாசிப்புச் செய்ய வேண்டும். காலணிப் பணிமனைகள் கடைச் செருப்பின் தோற்றத்தை ஒத்த வடிவங்களை நாடியமைக்கும் இதுவே காரணம்.

நீரிழிவு இந்நிலையை மாற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. நரம்புணர்வு குன்றிய பாதம் இப்போது அதிகாரியின் வீட்டிலும் பேராசிரியரின் வீட்டிலும் உண்டு. பத்துக் கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் முறையும் கார்வில் ஆய்வுகளின் வழியாகத் தொழுநோயிலிருந்து நீரிழிவுக்கு வந்ததே. செருப்பும் அவ்வழியே வந்தது. அங்கிருந்து வெறும் குதிகால் வலிக்காரரையும் அடைந்தது. நோயின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ சுமக்காமல் மூலப்பொருளின் மூன்று எழுத்துகளை மட்டும் அது சுமந்து வந்தமையால், ஒருகாலத்தில் ஒளித்துவைக்கப்பட்ட செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க முடிகிறது.