போன வழியே திரும்பும் புகை

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் போனால் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் கறுப்பான இரும்பு உருளை ஒன்று நிற்கும். இடுப்பு உயரக் கால்களில் படுக்கைவாட்டில் கிடக்கும். ஒரு முனையில் சதுரப் பெட்டி, மேலே புகைபோக்கி. தூரத்திலிருந்து பார்த்தால் சக்கரம் கழற்றிய குட்டி ரயில் எஞ்சின்தான். இறைச்சியை மணிக்கணக்கில் புகையிலேயே வேகவைக்கும் அடுப்பு அது. ஸ்மோக்கர் என்கிறார்கள். இவற்றில் பல, பழைய கேஸ் டேங்கை வெட்டி வீட்டுக்காரரோ பக்கத்துப் பட்டறைக்காரரோ செய்தவை.

முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் வேலை பார்த்தவன் நான். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் இந்த உருளை கண்ணில் பட்டதும் விடவில்லை. விசாரித்தும் படித்தும் பார்த்ததில், ஒரு பழைய டேங்குக்குள் எத்தனை சரித்திரம் அடைந்து கிடக்கிறது என்று தெரிந்தது.

முதலில் சமையல். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் மரக்குச்சிகளால் பரண் போலக் கட்டி, அதன்மேல் மீனையும் இறைச்சியையும் வைத்து அடியில் தீ மூட்டி வாட்டினார்கள். ஸ்பானியர்கள் அதை 'பார்பகோவா' என்று எழுதி வைத்தார்கள். இன்றைய 'பார்பிக்யூ' அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது தரையில் நீளமாகக் குழி வெட்டி, தணலில் முழு விலங்கை வாட்டும் முறையாக மாறியது. இரவெல்லாம் கண் விழித்து விறகை எரித்துத் தணலாக்கிக் குழியில் தள்ளிய வேலை, பண்ணைகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுடையது. விருந்து முதலாளி பெயரில் நடந்தது. கைப்பக்குவம் இவர்களுடையது. 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் கைப்பக்குவத்தை அவர்கள் தங்களோடு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

மத்திய டெக்சாஸில் இன்னொரு கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் அங்கே கசாப்புக் கடைகள் வைத்தார்கள். ஐஸ் பெட்டி வராத காலம். விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகை போட்டு வைத்தார்கள். நம்மூரில் மிஞ்சிய கறியை உப்புக்கண்டம் போடுவதில்லையா, அதே தேவைதான். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் காகிதத்தில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கிய கிரோய்ட்ஸ் மார்க்கெட் இன்றும் நடக்கிறது. 1999இல் டெக்சாஸ் சட்டமன்றம் அந்த ஊரையே மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்தது.

ஆனால் குழியையும் செங்கல் அடுப்பையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதற்கு இரும்பு வேண்டும். 1901 ஜனவரி 10ஆம் தேதி போமாண்ட் நகருக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அதன் பிறகு டெக்சாஸில் குழாய்க்கும் டேங்குக்கும் வெல்டிங் தெரிந்த ஆட்களுக்கும் குறைவே இல்லை. 55 காலன் எண்ணெய் டிரம், நம் கணக்கில் சுமார் 208 லிட்டர், பாதியாக வெட்டினால் அடுப்பு. தடித்த எண்ணெய்க் குழாய் கிடைத்தால் இன்னும் நல்ல அடுப்பு. கிடைத்ததை வெட்டி அடுப்பாக்குவது டெக்சாஸோடு நிற்கவில்லை. 1952இல் சிகாகோ பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடி போட்ட அடுப்பு செய்தார். உலகம் முழுக்க விற்கும் வெபர் அடுப்பின் ஆரம்பம் அதுதான்.

புரொப்பேன் டேங்க் இந்த வரிசையில் சேர்ந்தது இயற்கை. குழாய் வழி கேஸ் வராத கிராமத்து வீடுகளில் 250 காலன், 500 காலன் டேங்குகள் வாசலிலோ கொல்லையிலோ நிற்கும். 250 காலன் டேங்க் ஏறக்குறைய 30 அங்குலக் குறுக்களவும் எட்டடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ளது. அழுத்தம் தாங்கச் செய்தது என்பதால் தகடு கனம். கனத் தகடு சூட்டைப் பிடித்து வைக்கும். ஆயுள் முடிந்து பழைய இரும்பு விலைக்கு வரும்போது வெல்டருக்கு அது பாதி வேலை முடிந்த அடுப்பு.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சாதாரண ஸ்மோக்கரில் ஒரு முனையில் தீ, எதிர் முனையில் புகைபோக்கி. தீப் பக்கத்து இறைச்சி கருகும், புகைபோக்கிப் பக்கத்து இறைச்சி வேகாது. இதற்கு மாற்றாக வந்ததுதான் திருப்புப் புகை அடுப்பு. உருளைக்குள் அடிப்பக்கம் கால் அங்குலத் தகடு ஒன்றை நீளவாக்கில் போட்டு இரு ஓரமும் வெல்டு செய்துவிடுவார்கள். தீப்பெட்டியிலிருந்து வரும் புகை தகட்டின் அடியில் ஓடி, மறு முனையில் விட்ட இடைவெளியில் மேலே ஏறி, இறைச்சியைத் தடவிக்கொண்டு புறப்பட்ட முனைக்கே திரும்பி வெளியேறும். தீயும் புகைபோக்கியும் ஒரே பக்கம். தகடு சூடாகி அடியிலிருந்து வாட்டும். கடைக்கோடி வரை சூடு பெரிய வித்தியாசமில்லாமல் நிற்கும். குறையும் உண்டு. அத்தனை இரும்பும் சூடேற நேரமும் விறகும் கூடுதலாகப் பிடிக்கும்.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது இருநூறு வருஷத்துப் பழைய யோசனை. 1804இல் வேல்ஸில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் ஓட்டிக் காட்டிய நீராவி எஞ்சினின் பாய்லரில் தீக்குழாய் கடைசி வரை போய் 'U' போல வளைந்து திரும்பும். 1813–14இல் வைலம் சுரங்கத்துக்குச் செய்த பஃபிங் பில்லியிலும் அப்படியே. புகைபோக்கி இருக்கும் முனையில்தான் கரி அள்ளிப் போடுபவர் நிற்பார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். 1829 ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீபன்சனின் ராக்கெட்டிடம் தோற்ற சான்ஸ் பரேலும் இதே வகை. ராக்கெட் 25 செம்புக் குழாய்களோடு வந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தது. ஆனால் நம் ஆலைகளில் இருந்த லங்காஷயர் பாய்லரில் புகை உள்ளே ஒரு முறை ஓடி, அடியில் திரும்பி, பக்கவாட்டில் மறுபடி ஓடிய பிறகுதான் வெளியே போகும். சூட்டைச் சும்மா வெளியே விடாதே, இன்னொரு நடை நடக்க வை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

செய்கிறவர்கள் பாய்லர் புத்தகம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் கணக்கு கச்சிதம். தீப்பெட்டியின் கொள்ளளவு சமையல் அறையில் மூன்றில் ஒரு பங்கு. தீப்பெட்டி வாய், தகட்டுக்கு அடியில் உள்ள வழி, மறு முனை இடைவெளி ஆகியவற்றில் எங்கும் வழி குறுகக் கூடாது. குறுகினால் தீ மூச்சு முட்டி, புகை கசக்கும். தகட்டைச் சற்றுச் சாய்த்து, உருகும் கொழுப்பு வடிய ஒரு குழாய். கதவு வெட்டும்போது முதலில் கீல் பக்கத்தை வெட்டிக் கீலை வெல்டு செய்துவிட்டுத்தான் மற்ற மூன்று பக்கம் வெட்டுவார்கள். வளைந்த தகடு வெட்டியதும் விறைத்துக்கொண்டு உருமாறும், பிறகு கதவு பொருந்தாது. எல்லாம் முடிந்தால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் மாட்டின் நெஞ்சுக்கறி பன்னிரண்டு மணி நேரம்கூட வேகும். அதிலுள்ள கெட்டித் தசைநார் கரைந்து கூழாக அத்தனை பொறுமை வேண்டும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது நாற்றத்தின் சரித்திரம். பழைய டேங்கை வெட்டினால் அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு நாற்றம் அடிக்கும். நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் வரும் அதே நாற்றம். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. மெர்கேப்டன் என்ற பொருளைச் சிறிதளவு கலப்பதால் வருகிறது. 1937 மார்ச் 18ஆம் தேதி பிற்பகல், டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், எண்ணெய் வயலில் கழிவாகப் போன கேஸைச் செலவு மிச்சம் பிடிக்க இழுத்துப் பயன்படுத்தியதில் கசிந்து தரைக்கடியில் நிறைந்திருந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. தொழில் வகுப்பில் மின் இயந்திரத்தை இயக்கியபோது எழுந்த பொறியில் கட்டடமே தூக்கி எறியப்பட்டது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் கேஸில் நாற்றம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. பிறகு அது உலக வழக்கமாயிற்று. நம் சமையலறையில் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அந்தப் பிள்ளைகளின் உயிர் விலையில் வந்தது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டேங்கை எடுத்தவுடன் கட்டரைத் தொடுவதில்லை. வால்வைக் கழற்றி, கழுவி, வாய் வரை தண்ணீர் நிரப்பி உள்ளே இருக்கும் ஆவியை வெளியேற்றிய பிறகே முதல் துளை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். திறந்து வைத்தால் தானாகப் போய்விடாது, அடியில் தங்கும். 'காலி' என்று நினைக்கும் டேங்க்தான் ஆபத்து. நிறைந்திருப்பதில் காற்றுக்கு இடமில்லை, காலியில் ஆவியும் காற்றும் கலந்து காத்திருக்கும். முடிந்ததும் உள்ளே பெருந்தீ மூட்டிப் பழைய பெயின்டும் நாற்றமும் போக எரிப்பார்கள். துத்தநாகம் பூசிய டேங்கைத் தொடவே மாட்டார்கள், அதன் புகை விஷம்.

நம்மூரில் யாரும் கொல்லையில் ஸ்மோக்கர் செய்யப்போவதில்லை. ஆனால் பழைய டிரம்மை வெட்டிக் குப்பைத் தொட்டியும் அடுப்பும் செய்து தரும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வெட்டுகிறவன் பெரும்பாலும் இருபது வயதுப் பையன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று, "தண்ணி ரொப்பினியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.