ஜகந்நாத சங்கர சேட்

இலேவாதேவியாற் பெரும்பொருள் ஈட்டியோர் பலர். அப்பொருளின் வலிமையால் அரசினர் முன் நின்று மாறுரைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பம்பாய் ஜகந்நாத சங்கர சேட் என்பார்.

இவர் 1803-ஆம் ஆண்டில், தைவக்ஞர் எனப்படும் பொன்வினைஞர் மரபிற் றோன்றினார். இளமையிலேயே தந்தையாரை இழந்து குடும்பத் தொழிலை ஏற்றார். அராபியரும் ஆப்கானியருமாகிய வணிகர், பாங்கிகளினும் இவரையே நம்பித் தம் பொருளை இவர்பால் வைத்துச் சென்றனர் என்ப. 1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 21 மைல் ஓடிய முதற் புகைவண்டிக்குரிய கம்பெனியில், இந்திய இயக்குநராயிருந்த இருவருள் இவர் ஒருவர். மற்றையவர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய்.

நிற்க. யான் பெரிதாக எண்ணுவது வேறு. பம்பாய்க் கல்விக் கழகத்தில் 1847-ஆம் ஆண்டளவில் ஒரு வழக்கு மூண்டது. தலைவராகிய சர் எர்ஸ்கின் பெரி என்பார், உயர்கல்வி ஆங்கிலத்தின் வாயிலாகவே நிகழ்தல் வேண்டுமென்றார். அவரோ நீதிபதி, ஆளுங் குலத்தினர். சேட் அவரை மறுத்து, பொதுமக்களிடத்து அறிவு பரவுதற்கு அவர்தம் தாய்மொழியே தக்க கருவி என எழுதினார். ஏனை இந்திய உறுப்பினரும் கர்னல் ஜெர்விஸும் அவர் பக்கம் நின்றனர். ஆயினும் முடிவில் தொடக்கக் கல்வியே தாய்மொழிக்குக் கிடைத்தது. உயர்கல்வி ஆங்கிலத்தின்பாற் சென்றது. நன்கறிந்த பொருளையும் பிறமொழியிற் சொல்லமாட்டாது விழிக்கும் சிறுவரை நாடோறும் வகுப்பிற் காண்பவன் யான்; ஆதலின் இவ்விடத்துச் சற்றே தங்கினேன், பொறுத்தருள்க.

1852-இல் தோன்றிய பம்பாய்ச் சங்கத்திற்கு இவர் தலைவராகி, குடிகளின் குறைகளைப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் இவர்மீதும் ஐயம் எழுந்தது, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஐயுற்ற அவ்வரசே 1862-இல் இவரைப் பம்பாய்ச் சட்டசபைக்கு நியமித்தது வியப்பன்றோ! அச்சபையில் வினா எழுப்பவோ வரவு செலவை ஆராயவோ உறுப்பினர்க்கு உரிமையில்லை. கொணரப்பட்ட சட்டங்களைப் பற்றிப் பேசலாம், அவ்வளவே.

1865 ஜூலை 31-இல் இவர் மறைந்தார். மறு ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வடமொழிக்கென இவர் பெயரால் உதவிச்சம்பளம் ஒன்று நிறுவப்பட்டது. 1912-இல் அதனைப் பெற்ற மாணாக்கர் சிந்தாமன் தேஷ்முக்; 1943-இல் ரிசர்வ் பாங்கியின் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தவரும் அவரே.