துஹ்னும் நீல எண்ணெயும்

பூக்களிலிருந்து எண்ணெய் வடிக்கும் கலையைக் கண்டுபிடித்தவர் இப்னு ஸீனா என்ற கூற்று நமது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. சீமைச் சாமந்தி எண்ணெய் விற்போரும் அவரது பெயரைத் துணைக்கு அழைக்கின்றனர். கேட்க இதமான கூற்றுத்தான். ஆனால் வரலாறு அதற்கு இடம் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

சீமைச் சாமந்தி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. அறபு மருத்துவர்கள் பாரசீகச் சொல்லின் வழியே அதனைப் 'பாபூனஜ்' என்றனர். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ் எழுதிய மூலிகை நூலை, 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் இஸ்தபான் இப்னு பஸீல் அறபாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். அத்தகைய அறிவுச் செல்வத்தின் மீதே இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலை எழுப்பினார். அதன் இரண்டாம் பாகம் தனிமருந்துகளையும் ஐந்தாம் பாகம் கூட்டுமருந்துகளையும் பேசுகின்றது.

அம்மரபு சொல்லும் 'துஹ்னுல் பாபூனஜ்' எது? பூவை எண்ணெயில் ஊறவைத்து, வெயிலிலோ மெல்லிய சூட்டிலோ சாரத்தை இறக்கி வடிகட்டியது. யூனானி வைத்தியர்கள் நல்லெண்ணெயில் தயாரித்து, 'ரோகன் பாபூனா' என்ற பெயரில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் பூசக் கொடுப்பது இந்த வகையே. நமது வீடுகளில் கையாந்தகரைச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவதும் இதற்கு நெருங்கிய முறைதான். கையாந்தகரையும் அதே சூரியகாந்திக் குடும்பம்.

இன்று சிறு போத்தலில் வருவதோ வேறு பொருள். உலர்ந்த பூவினூடாக நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிரித்தெடுக்கும் எண்ணெய் அது. ஒரு கிலோ பூவில் குறைந்தது 4 மில்லிலீற்றர் எண்ணெய் இருக்க வேண்டுமென ஐரோப்பிய மருந்துத் தரநூல் விதிக்கிறது. அதன் செறிவை இதிலிருந்தே ஊகிக்கலாம். அதன் நிறம் கடும் நீலம். பூவில் அந்த நீலம் இல்லை. பூவிலுள்ள மற்றிசின் என்னும் நிறமற்ற பொருள் நீராவியின் சூட்டில் சிதைந்து கமசுலீனாக மாறும்போதுதான் நீலம் பிறக்கிறது. எண்ணெயில் ஊறவைத்த பூ அவ்வாறு நீலம் தருவதில்லை. துஹ்ன் வேறு, நீல எண்ணெய் வேறு என்பதற்கு நிறமே சாட்சி.

அப்படியானால் வடித்தல் கலையில் முஸ்லிம்களுக்குப் பங்கில்லையா? பெரும் பங்கு உண்டு. இப்னு ஸீனா பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட அல்-கிந்தி, வாசனைத் திரவியங்களையும் வடித்தலையும் பற்றித் தனிநூல் எழுதியவர். பாரசீகத்தின் ஜூர் நகரப் பன்னீர் தூரதேசங்களிலும் பேர் பெற்றிருந்தது. வடிகலத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் 'அலெம்பிக்' என்ற சொல் அறபியின் 'அல்-அன்பீக்'. அறபி அதனைக் கிரேக்கத்திலிருந்து பெற்றது. 1863இல் செப்டிமஸ் பியெஸ் என்னும் லண்டன் வாசனைத் திரவியத் தயாரிப்பாளர் இந்த நீலப் பொருளுக்கு 'அசுலீன்' எனப் பெயரிட்டார். அது நீலத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'அசுல்' என்பதிலிருந்து வந்தது. 'அசுல்' என்பதன் வேரோ அறபியின் 'லாஸவர்த்'.

இது வெறும் சொற்பூசலன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த அஃப்ஸந்தீனைப் பாருங்கள். அதன் கசப்பான குடிநீரைச் சமிபாட்டுக்காகச் சிறிதளவில் கொடுப்பது பழைய வழக்கம். அதன் வடித்த எண்ணெயில் துஜோன் செறிந்திருக்கும். குடித்தால் வலிப்பு வரலாம். பழைய நூலின் பெயரைச் சொல்லி இந்த எண்ணெயை உட்கொள்ளச் சொல்வது அந்த நூலுக்கே செய்யும் அநீதி. சீமைச் சாமந்திப் பூவின் குடிநீர் வயிற்று உபாதைக்கு இதம் தருவது நெடுங்கால அனுபவம். ஆனால் இக்குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு அதுவும் ஆகாது.

இப்னு ஸீனாவின் பெருமைக்கு அல்-கிந்தியின் பங்கை இரவல் வாங்க வேண்டியதில்லை. நம் சிறப்பு மலர்களில் எழுதுவோர் துஹ்னையும் வடித்த எண்ணெயையும் வேறுபடுத்திக் குறிப்பிட்டாலே இருவருக்கும் நியாயம் செய்தவர்களாவோம்.